தாமதித்த விமானமும் பிரயாணியின் உரிமையும்

நம் சங்கத்துக் குடும்பங்களில், பிள்ளையோ பெண்ணோ கடல் கடந்த நாட்டில் குடியிருக்கவில்லை என்று சொல்லக்கூடிய வீடு வரவர அருமையாகிக்கொண்டு வருகிறது. மகளின் பிரசவத்துக்கென்று தாயாரும், பேரனின் ஆண்டு நிறைவுக்கென்று தாத்தாவும் பாட்டியுமாகவும், வடகமும் நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் நிறைந்த பெட்டிகளோடு லண்டனுக்கும் பிராங்க்பர்ட்டுக்கும் டொராண்டோவுக்கும் புறப்பட்டுச் செல்வது இன்று சாதாரணக் காட்சியாகிவிட்டது. பிரயாணம் சுகமாக முடிந்தால் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. விமானம் ஒன்பது மணி நேரம் தாமதித்தாலோ, நள்ளிரவில் ரத்து என்று அறிவித்துவிட்டாலோ எவரைக் கேட்பது, எவ்வளவு கேட்பது, கேட்க உரிமைதான் உண்டா என்பதைப் பற்றியே இங்கு ஆராய முற்படுகிறோம்.

அத்தகைய வேளைகளில் விமானக் கம்பெனியின் சிப்பந்தி ஒருவர் வந்து, சாப்பாட்டுச் சீட்டொன்றைக் கையில் கொடுத்து, வருத்தம் தெரிவித்துவிட்டு மறைந்துவிடுகிறார். நம்மவர்களும் கிரக பலனை நொந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்து இரவைக் கழித்து, வீடு சேர்ந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள். சட்டப்படி ஆளுக்கு ஏறத்தாழ அறுபதாயிரம் ரூபாய் கேட்டுப் பெறக்கூடிய இடத்தில், ஒரு ரொட்டித் துண்டும் ஒரு கோப்பைக் காப்பியும் போதுமென்று இருந்துவிட்டவர்கள் பலர். இதற்கு மாறாக, எந்த உரிமையும் இல்லாத இடத்தில் ஐரோப்பியச் சட்டத்தை எடுத்துக்காட்டி மாதக்கணக்கில் கடிதம் எழுதிச் சலித்தவர்களும் உண்டு.

இருசாராரும் அறியாத விஷயம் ஒன்றே: எந்தச் சட்டம் எந்தப் பிரயாணத்துக்குப் பொருந்தும் என்பது. பிரயாணியின் பாஸ்போர்ட் எந்த நாட்டினுடையது, டிக்கெட்டை எந்த ஊரில் வாங்கினார், எவ்வளவு விலை கொடுத்தார் என்பவை நஷ்டஈட்டுச் சட்டங்களில் அநேகமாக எதையும் தீர்மானிப்பதில்லை. விமானம் எந்த மண்ணிலிருந்து எழும்புகிறது, அதை உண்மையில் ஓட்டுகிற கம்பெனி எந்த நாட்டைச் சேர்ந்தது, புறப்பட்ட இடம் முதல் போய்ச் சேரும் இடம் வரை ஒரே முன்பதிவில் அடங்கியிருக்கிறதா என்னும் மூன்று கேள்விகளிலேயே பெரும்பாலும் முடிவு அடங்கிக்கிடக்கிறது.

தில்லியிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு ஒரே நாளில் இரண்டு விமானங்கள் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று ஜெர்மன் கம்பெனியினுடையது. மற்றொன்று இந்தியக் கம்பெனியினுடையது. இரண்டும் இயந்திரக் கோளாறினால் ஐந்து மணி நேரம் பிந்திப் போய்ச் சேருகின்றன. ஜெர்மன் விமானத்தில் சென்றவர் 600 யூரோ நஷ்டஈடு கேட்கலாம். இந்திய விமானத்தில் சென்றவருக்கு அந்தச் சட்டத்தின்படி ஒரு காசும் இல்லை. ஆனால் அதே இருவரும் ஒரு மாதம் கழித்து, முன்போல் அவரவர் கம்பெனியின் விமானத்திலேயே பிராங்க்பர்ட்டிலிருந்து தில்லிக்குத் திரும்பும்போது அதேபோன்ற தாமதம் நேர்ந்தால், இருவருக்குமே 600 யூரோ உண்டு. போகும்போது இல்லாத உரிமை வரும்போது எங்கிருந்து முளைத்தது? ஐரோப்பிய மண்ணிலிருந்து முளைத்தது என்பதே விடை.

ஐரோப்பிய யூனியனின் 261 ஆம் எண் ஒழுங்குவிதி 2004 இல் இயற்றப்பட்டு, 2005 பிப்ரவரி 17 முதல் அமலில் இருந்துவருகிறது. யூனியனைச் சேர்ந்த நாட்டின் விமான நிலையத்திலிருந்து புறப்படும் பிரயாணிகள் அனைவருக்கும், விமானம் எந்த நாட்டுக் கம்பெனியினுடையதாயினும், அது பொருந்தும். வெளிநாட்டிலிருந்து யூனியனுக்குள் வருகிறவர்களுக்கோ, விமானத்தை ஓட்டுவது ஐரோப்பியக் கம்பெனியாக இருந்தால் மட்டுமே பொருந்தும். ஐஸ்லாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளும் இதே விதியைப் பின்பற்றுகின்றன. தொகை டிக்கெட் விலையைப் பொறுத்ததன்று, தூரத்தைப் பொறுத்தது. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ. அதற்குமேல் 3,500 கிலோமீட்டர் வரை 400 யூரோ. அதனினும் நெடிய வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு 600 யூரோ. இந்தியாவுக்கும் மேற்கு ஐரோப்பாவுக்கும் இடையிலுள்ள தூரம் இந்தக் கடைசி வகையில் அடங்கும். தாமதம் மூன்று மணிக்கு மேற்பட்டு நான்கு மணிக்கு உட்பட்டிருப்பின் இந்த நெடும் பிரயாணங்களில் பாதியாகக் குறைக்கலாம். தனி டிக்கெட் வாங்கிப் பிரயாணம் செய்யும் குழந்தைக்கும் பெரியவருக்குரிய தொகையே. தாய் தந்தையர் இருவரும் இரு குழந்தைகளுமாக நால்வர் சென்றால் 2,400 யூரோ என்பதை நினைத்துப் பார்த்தால், சாப்பாட்டுச் சீட்டோடு திரும்பிவிடுவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது விளங்கும்.

ஒழுங்குவிதியின் வாசகத்தைப் படிக்கிறவர்கள், ரத்துக்கும் இடமறுப்புக்கும் பணம் சொல்லியிருக்கிறதே தவிர, தாமதத்துக்கு அப்படிச் சொல்லவில்லையே என்று திகைக்கக்கூடும். தாமதத்துக்கு அந்த உரிமையைப் பெற்றுத்தந்தது ஐரோப்பிய நீதிமன்றம். 2005 ஜூலையில் டொராண்டோவிலிருந்து பிராங்க்பர்ட்டுக்குத் திரும்பவேண்டியிருந்த ஒரு குடும்பம் சுமார் 25 மணி நேரம் பிந்தி ஊர் சேர்ந்தது. இது ரத்து அன்று, வெறும் தாமதமே என்று கம்பெனி வாதாடியது. நேரத்தை இழந்தவர் நேரத்தை இழந்தவரே, அதற்கு எந்தப் பெயர் சூட்டினாலும் இழப்பு ஒன்றுதான் என்னும் கருத்தை ஏற்று, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிந்திச் சேருகிறவர்களும் ரத்தினால் பாதிக்கப்பட்டவர்களைப் போலவே நஷ்டஈடு கேட்கலாம் என்று 2009 நவம்பரில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விமானக் கம்பெனிகள் இதை எதிர்த்து மீண்டும் வழக்காடியும் 2012 இல் அதே முடிவு உறுதியாயிற்று.

சேர்ந்த நேரம் என்பது எது? சக்கரம் தரையைத் தொட்ட நேரமா? 2014 இல் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கில், சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோனுக்குச் சென்ற விமானம் 2 மணி 58 நிமிஷத் தாமதத்தோடு தரையைத் தொட்டது; நிறுத்துமிடத்தை அடைந்தபோது தாமதம் 3 மணி 3 நிமிஷம். கதவு திறந்து, பிரயாணி வெளியேறலாம் என்னும் நேரமே சேர்ந்த நேரம் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே கதவு திறக்கும்போது ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வது வீண் வேலையன்று.

இனி, நம்மவர்களுக்கு மிகவும் பயன்படுவதும் மிகவும் குழப்பம் தருவதுமான பகுதிக்கு வருகிறோம். இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்வோரில் பெருந்தொகையினர் துபாய், தோஹா, அபுதாபி போன்ற இடங்களில் விமானம் மாறிச் செல்கிறார்கள். மூனிச்சிலிருந்து துபாய் வழியாகச் சென்னைக்கு ஒரே முன்பதிவில் டிக்கெட் வாங்கியவர், முதல் விமானம் பிந்தியதால் துபாயில் அடுத்ததைத் தவறவிட்டு, மறுநாள் சென்னை சேருகிறார் என்று கொள்வோம். துபாய் ஐரோப்பா அன்று. கம்பெனியும் ஐரோப்பியக் கம்பெனி அன்று. ஆயினும் அவருக்கு உரிமை உண்டு. பெர்லினிலிருந்து காஸாபிளாங்கா வழியாக மொராக்கோவின் அகாதிருக்குச் சென்ற பிரயாணி ஒருவரின் வழக்கில், ஒரே முன்பதிவில் அடங்கிய பிரயாணம் முழுவதும் ஒன்றே, நடுவில் எந்த நாட்டில் விமானம் மாறினாலும் அந்த ஒருமை குலையாது என்று 2018 இல் தீர்ப்பாகியிருக்கிறது. இரண்டு கட்டங்களுக்கும் தனித்தனியே டிக்கெட் வாங்கியிருந்தால், இரண்டாவது விமானத்தைத் தவறவிட்ட பாரம் பிரயாணியின் தலையிலேயே விழும். தனித்தனியே வாங்கினால் சில ஆயிரம் மிச்சமாகிறதே என்று பிள்ளைகள் கணக்குப் போடும்போது, பெற்றோர்கள் இதைச் சற்று எடுத்துச்சொல்லலாம்.

அதே பிரயாணத்தின் மறுபக்கம் வேறு. சென்னையிலிருந்து துபாய் வழியாக மூனிச்சுக்கு வளைகுடாக் கம்பெனியின் விமானத்தில் திரும்பும்போது தாமதம் நேர்ந்தால் ஐரோப்பிய நஷ்டஈடு இல்லை. போகவும் வரவும் ஒரே டிக்கெட்தானே, புறப்பட்டது ஐரோப்பாவிலிருந்துதானே என்று வாதிக்கலாமென்று தோன்றும். டுஸ்ஸல்டார்பிலிருந்து துபாய் வழியாக மணிலாவுக்கு எமிரேட்ஸ் விமானத்தில் சென்ற ஒருவர், மணிலாவிலிருந்து திரும்பும் விமானம் ரத்தானபோது அப்படியே வாதாடினார். போக்கும் வரவும் இரண்டு தனிப் பிரயாணங்களே, சேர்த்து வாங்கியதனால் ஒன்றாகிவிடா என்று 2008 இல் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புக் கூறியது.

கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் இன்னொன்று உண்டு. தில்லியிலிருந்து பிராங்க்பர்ட்டில் இறங்கி மாறி டொராண்டோவுக்கு ஒரே முன்பதிவில் செல்கிறவர், இடையில் ஐரோப்பிய மண்ணை மிதிக்கிறார். ஓட்டுவதும் ஐரோப்பியக் கம்பெனியே. ஆதலால் சட்டம் தமக்குப் பொருந்தும் என்று அவர் நம்பக்கூடும். மால்டோவாவிலிருந்து வியன்னா வழியாகப் பாங்காக்குக்குச் சென்ற பிரயாணத்தைப் பற்றிய வழக்கில், தொடக்கமும் முடிவும் யூனியனுக்கு வெளியே இருப்பின், நடுவில் மட்டும் ஐரோப்பாவைத் தொடுவது போதாது என்று 2022 பிப்ரவரியில் முடிவு செய்யப்பட்டது. எல்லா உரிமையையும் ஒரே பிரயாணமாகப் பார்த்து வழங்கிய அதே தத்துவம், இங்கே கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டது போலிருக்கிறது. தர்க்கத்தில் பிழை காண இயலாது. ஆனால் பிராங்க்பர்ட் நிலையத்தில் இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கும் முதியவருக்கு அந்தத் தர்க்கம் ஆறுதல் தராது என்பது நம் அபிப்பிராயம்.

டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் கம்பெனியின் பெயரைக் கண்டு ஏமாறவும் கூடாது. கம்பெனிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒருவர் விமானத்தில் மற்றவர் தம் எண்ணைப் போட்டு டிக்கெட் விற்பது வழக்கம். ஜெர்மன் கம்பெனியின் எண்ணில் வாங்கிய டிக்கெட்டாயினும், தில்லியிலிருந்து ஓட்டுவது இந்தியக் கம்பெனியாக இருந்தால், அந்தப் போக்குக்கு ஐரோப்பிய விதி இல்லை. இன்னாரால் இயக்கப்படுவது என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பதே இங்கு முக்கியம்.

கம்பெனிகள் பெரும்பாலும் அடைக்கலம் புகுவது அசாதாரணச் சூழ்நிலை என்னும் விதிவிலக்கில். கடும் புயல், ஆகாயப் பாதை மூடல், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தின் தடை முதலியவற்றுக்கு நஷ்டஈடு இல்லை, அது நியாயமே. ஆனால் சாதாரண இயந்திரக் கோளாறு அசாதாரணம் ஆகாது என்று 2008 முதலே தீர்ப்பு இருக்கிறது. விமானத்தைப் பழுதில்லாமல் வைத்திருப்பது கம்பெனியின் அன்றாட வேலை அல்லவா? ஆகவே, தொழில்நுட்பக் காரணம் என்று மட்டும் பதில் வந்தால் அதோடு விட்டுவிட வேண்டியதில்லை.

நஷ்டஈடு இல்லாத இடத்திலும் பராமரிப்பு உண்டு என்பதை மறக்கலாகாது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எரிமலை வெடித்துச் சாம்பல் பரவி ஐரோப்பிய வானம் மூடப்பட்டபோது, போர்ச்சுகலின் பாரோவிலிருந்து டப்ளினுக்குத் திரும்பவேண்டிய ஓர் அம்மையார் ஒரு வாரம் அங்கேயே தங்க நேர்ந்தது. சாப்பாடு, தங்கல், வண்டிச் செலவு என்று சுமார் 1,130 யூரோ கேட்டார். எரிமலைக்கு நாங்களா பொறுப்பு என்றது கம்பெனி. நஷ்டஈடு வேறு, பராமரிப்பு வேறு; எரிமலையே வெடித்தாலும் பிரயாணிக்கு உணவும் இடமும் தரும் கடமைக்கு நாள் வரம்பும் இல்லை, பண வரம்பும் இல்லை என்று 2013 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. கம்பெனி ஏற்பாடு செய்யாவிட்டால், நியாயமான அளவில் நாமே செலவு செய்து, ரசீதுகளை வைத்துக் கேட்கலாம்.

பிரிட்டன் யூனியனை விட்டு விலகிய பின்னரும் ஏறக்குறைய இதே சட்டத்தைத் தன்னுடையதாக வைத்துக்கொண்டிருக்கிறது. லண்டனிலிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும் அது பொருந்தும். மும்பையிலிருந்து லண்டன் செல்லும்போது, பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பியக் கம்பெனியின் விமானத்துக்கு மட்டுமே. நெடுந்தூரத்துக்குத் தொகை 520 பவுன். கனடா இன்னும் தாராளமான எல்லையை வகுத்திருக்கிறது. அந்நாட்டுக்குச் செல்லும் விமானம், அங்கிருந்து புறப்படும் விமானம் இரண்டுக்கும், எந்த நாட்டுக் கம்பெனியாயினும் அதன் 2019 ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். பெரிய கம்பெனியானால் மூன்று மணி முதல் 400 டாலர், ஆறு மணி முதல் 700, ஒன்பது மணிக்கு மேல் 1,000 கனடா டாலர். ஆனால் தாமதம் கம்பெனியின் கைக்குள் அடங்கிய காரணத்தால் நேர்ந்ததாகவும், பாதுகாப்புக்காக அவசியமாகாததாகவும் இருக்க வேண்டும். ஓராண்டுக்குள் எழுத்து மூலம் கேட்கவும் வேண்டும். முன்பு சொன்ன தில்லி, பிராங்க்பர்ட், டொராண்டோ பிரயாணிக்கு ஐரோப்பா மூடிய கதவைக் கனடா திறந்துவைக்கிறது என்று கொள்ளலாம். அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ, அங்கிருந்து புறப்படும் விமானத்தில் இடம் மறுக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு உண்டே அன்றி, தாமதத்துக்கு இல்லை.

நம் நாட்டு விதி எப்படி? டி.ஜி.சி.ஏ. என்னும் விமானப் போக்குவரத்துத் தலைமை அலுவலகம் 2010 ஆகஸ்டில் பிரயாணிகளுக்கான விதிகளை வகுத்து, பின்னர் அவ்வப்போது திருத்தி வந்திருக்கிறது. இந்தியக் கம்பெனிகளின் உள்நாட்டு, வெளிநாட்டு விமானங்கள் இரண்டுக்கும் அவை பொருந்தும். அயல்நாட்டுக் கம்பெனிகள் தம் நாட்டு விதிப்படியோ இந்த விதிப்படியோ நஷ்டஈடு அளிக்கலாம். விருப்பத்துக்கு மாறாக இடம் மறுக்கப்பட்டு, மாற்று விமானம் 24 மணி நேரத்துக்குள் கிடைத்தால், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையில் இருமடங்கு, 10,000 ரூபாய்க்கு மேற்படாமல். அதற்குமேல் பிந்தினால் நான்கு மடங்கு, 20,000 ரூபாய்க்கு மேற்படாமல். ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் ஏற்பாடு செய்துவிட்டால் ஒன்றுமில்லை. முன்னறிவிப்பின்றி ரத்து செய்தால், இரண்டு மணிக்கு மேற்பட்ட பறப்பு நேரத்துக்கு 10,000 ரூபாயோ அந்தக் கட்டணமோ, எது குறைவோ அது. தாமதத்துக்கு உணவும், சில வேளைகளில் ஓட்டல் அறையும், ஆறு மணிக்கு மேற்பட்டால் மாற்று விமானமோ கட்டணம் திரும்பப் பெறுதலோ உண்டு. பணமாக நஷ்டஈடு இல்லை. பத்து மணி நேரம் பறந்து செல்லும் பிரயாணத்துக்கும், இரண்டரை மணி நேரத்தில் முடியும் பிரயாணத்துக்கும் ஒரே உச்சவரம்பு வைத்திருப்பதை நாம் நியாயமென்று ஒப்புக்கொள்வதற்கில்லை.

இவ்விதியில் கவனிக்க வேண்டிய சிறு விஷயம் ஒன்று: முன்பதிவின்போது தொடர்புகொள்ளப் போதிய விவரம் தராதவருக்கு நஷ்டஈடு கிடையாது. ஏஜெண்டு தம் டெலிபோன் எண்ணையே எல்லா டிக்கெட்டுகளிலும் எழுதிவிடுவது உண்டு. ரத்துச் செய்தி அவருக்குப் போய்விட்டு, பிரயாணிக்குப் போகாமற்போகும். நம்முடைய எண்ணும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவையெல்லாம் கைகொடுக்காத இடத்தில் மாண்ட்ரீல் உடன்படிக்கை இருக்கிறது. 1999 இல் கையெழுத்தான இந்த உடன்படிக்கை, இந்தியாவைப் பொறுத்தவரை 2009 ஜூன் 30 முதல் நடைமுறையில் உள்ளது. தாமதத்தால் உண்மையில் ஏற்பட்ட நஷ்டத்தை, கணக்குக் காட்டி, ஒரு வரம்புக்குள் பெறுவதற்கு அது வழிசெய்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு ஆளொன்றுக்கு 6,303 சிறப்பு எடுப்புரிமை அலகு; இது சர்வதேச நிதி நிறுவனத்தின் கணக்கு நாணயம். நம் பணத்தில் ஏழு எட்டு லட்ச ரூபாய் ஆகலாம். ஆனால் நேரம் போயிற்று, மனம் நொந்தது என்பதற்காக நிர்ணயத் தொகை ஏதும் அதில் இல்லை. தவறவிட்ட அடுத்த டிக்கெட், வீணான ஓட்டல் வாடகை போன்றவற்றை ரசீதோடு நிரூபிக்க வேண்டும். தம்மால் இயன்ற நியாயமான நடவடிக்கை அனைத்தும் எடுத்ததாகக் கம்பெனி நிரூபித்துவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும்.

இந்த உடன்படிக்கையின் கண்ணுக்குப் போக்கும் வரவும் ஒன்றே. தில்லியில் தொடங்கித் தில்லியில் முடியும் இருவழி டிக்கெட்டுக்குச் சேருமிடம் தில்லிதான். சேருமிடத்து நீதிமன்றத்தில் வழக்குத் தொடர உடன்படிக்கை இடமளிக்கிறது. ஐரோப்பியச் சட்டம் இரண்டாகப் பிரித்த டிக்கெட்டை இது ஒன்றாக்கித் தருவதால், அயல்நாட்டுக் கம்பெனியின் மீதும் நம் ஊரிலேயே வழக்காடலாம். இத்தகைய சர்வதேச உடன்படிக்கைக் கோரிக்கைகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று சரக்குப் போக்குவரத்து வழக்கொன்றில் நம் உச்ச நீதிமன்றம் 2011 இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை.

மதுரையிலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து வெளிநாடு செல்லும் டிக்கெட் ஒரே ஒப்பந்தமாக இருந்தால், மதுரை, சென்னைக் கட்டமும் சர்வதேசப் பிரயாணத்தின் பகுதியாகவே கருதப்படும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நிலையத்தில் தாமதம் அறிவிக்கப்பட்டதும் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். போர்டிங் பாஸை வீடு சேர்ந்ததும் கிழித்தெறிந்துவிடுவது பலருக்கு வழக்கம்; அது ஆகாது. சாப்பாட்டுச் சீட்டை வாங்கிக்கொள்வதால் ஐரோப்பிய உரிமை எதுவும் போய்விடாது. பணத்துக்குப் பதில் அடுத்த பிரயாணத்துக்கான கூப்பன் பெற்றுக்கொள்கிறேன் என்று நீட்டுகிற காகிதத்தில் மட்டும் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது. ஐரோப்பிய நஷ்டஈட்டைக் கூப்பனாகத் தர வேண்டுமானால் பிரயாணியின் கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும். கோரிக்கையை முதலில் விமானத்தை ஓட்டிய கம்பெனிக்கே நேராக எழுதலாம். வாங்கித் தருகிறோம் என்று முன்வரும் தரகு நிறுவனங்கள் கிடைப்பதில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்கின்றன. கம்பெனி மறுத்த பிறகு அவர்களை நாடினால் போதும். 2025 ஜூனில் யூனியன் நாடுகளின் அமைச்சர்கள் நெடும் பிரயாணத்துக்கு மூன்று மணி என்பதை ஆறு மணியாக உயர்த்த முன்மொழிந்திருப்பதால், எழுதுமுன் பிரயாணத் தேதியில் இருந்த விதியைச் சரிபார்த்துக்கொள்வது நலம்.

காலக்கெடு நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜெர்மனியில் மூன்று ஆண்டு, இங்கிலாந்தில் ஆறு, கனடாவில் கம்பெனிக்கு எழுத ஓராண்டு, மாண்ட்ரீல் உடன்படிக்கையின்படி வழக்குத் தொடர இரண்டு ஆண்டு. பெட்டி பிந்தி வந்தால் கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும், உடைந்து வந்தால் 7 நாளுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் செய்தாக வேண்டும். ஊறுகாய் ஜாடி உடைந்து புடவையெல்லாம் எண்ணெயான பெட்டிக்கும் அந்த ஏழு நாளே.